பத்து மைல் வட்டம்

ஊர் பிறந்த கதையைக் கேட்டால் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பசு வந்துவிடும். அது ஒரு புற்றின்மேல் பாலைச் சொரியும். தோண்டிப் பார்த்தால் லிங்கம் இருக்கும். ராஜா கோயில் கட்டுவார். கோயிலைச் சுற்றி ஊர் உண்டாகும். அந்த ஊர் எங்கே முடிகிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எல்லையில் ஒரு பிடாரி கோயில் இருக்கும். அதைத் தாண்டினால் அடுத்த ஊர். பிடாரிக்குக் கெஜட்டில் அறிவிப்பு வெளியிட வேண்டிய அவசியம் இல்லை.

சென்னப் பட்டணத்துக்கு அப்படி ஒரு பசு வாய்க்கவில்லை. மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் தலபுராணங்கள் உண்டுதான். ஆனால் அவை பின்னால் வந்து பட்டணத்தோடு சேர்ந்த பழைய ஊர்கள். பட்டணத்துக்கு என்று இருப்பது காகிதம். 1639 ஆகஸ்டில் நாயக்கர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் ஆகஸ்டு 22ல் விழாக்கூடக் கொண்டாடுகிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு 48 வருஷம் பிந்திய வேறொரு காகிதத்தைப் பற்றி. முதல் காகிதம் கும்பினிக்கு மண்ணைக் கொடுத்தது. இரண்டாவது காகிதம் அந்த மண்ணின்மேல் குடியிருந்த ஜனங்களைச் சேர்த்துக் கட்டி, 'நீங்கள் இன்றுமுதல் ஒரு நகரம்' என்று சொல்லிற்று. அதன் தேதி 1687 டிசம்பர் 30. எழுதப்பட்ட இடம் லண்டன். எழுதியவர்களில் முக்கியமானவர் சென்னையைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

அந்த யோசனை எப்படிப் பிறந்தது என்பதுதான் ருசியான விஷயம். ஜனங்களுக்குச் சுயாட்சி கொடுக்க வேண்டும் என்ற பெரிய மனசினால் பிறந்ததல்ல. வரி வசூலாகவில்லை, அதனால் பிறந்தது.

கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வசித்த பகுதியைக் கறுப்பர் பட்டணம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். அதைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டும், அதற்கான செலவைக் குடியிருப்பவர்களே ஏற்க வேண்டும் என்று கவர்னர் ஜிஃபோர்டும் அவருடைய கவுன்சிலும் தீர்மானித்தார்கள். வீட்டுக்கு வீடு வரி. 1686ம் வருஷம் ஜனவரியில் விஷயம் முற்றிற்று. ஜாதித் தலைவர்கள் ஒன்றுகூடி, கொடுப்பதில்லை என்று மனு அனுப்பினார்கள். கடைகள் அடைபட்டன. சாமான்கள் ஊருக்குள் வராமல் நின்றன. பதிலுக்குக் கவுன்சில் முரசு அறைவித்தது: வரி கொடாதவர்களின் வீடுகளை இடித்து, மனைகளை விற்று, ஆசாமிகளை ஊரை விட்டு விரட்டுவோம். தலைவர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் கசப்பு மாறவில்லை.

இந்தச் செய்தியெல்லாம் கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. அங்கே அந்தக் காலத்தில் கும்பினியை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தவர் சர் ஜோசையா சைல்டு. பணத்தின் மனோதத்துவம் தெரிந்தவர். அதிகாரம் செலுத்தி ஆறு பென்ஸ் கேட்டால் முறைக்கிற மனிதன், தானே கூடித் தனக்கு விதித்துக்கொண்ட வரி என்றால் ஐந்து ஷில்லிங்கைக்கூட மனம் உவந்து கொடுப்பான் என்பது அவர் கணக்கு. பத்து மடங்கு! ஜனநாயகத்துக்கு ஆதரவாக எத்தனையோ பேர் எத்தனையோ வாதங்களைச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பச்சையாக, இவ்வளவு சரியான விகிதத்தோடு சொன்னவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சென்னைக்கு ஒரு கார்ப்பரேஷன். ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மன்கள், அறுபது பர்ஜஸ்கள். லண்டன் மாநகரம் எப்படியோ அப்படியே. சாஸனத்தை யார் கொடுப்பது என்று இரண்டாம் ஜேம்ஸ் அரசரின் முன்னிலையிலேயே விவாதம் நடந்தது. அரசருடைய முத்திரையோடு போக வேண்டுமா, கும்பினியின் முத்திரை போதுமா? கும்பினியின் முத்திரையே போதும் என்று சைல்டு வாதாடினார். காரணத்தை ஒளிக்கவில்லை. அரசரின் முத்திரை கிடைத்துவிட்டால் நாளைக்கு மேயருக்குத் தலை கனத்துவிடும். கோட்டையில் இருக்கிற கவர்னரை மதிக்க மாட்டார். கும்பினி கொடுத்தது என்றால் கும்பினிக்கு அடங்கி இருப்பார். அரசர் சம்மதித்தார். நகரசபைக்கு எவ்வளவு அதிகாரம், அதற்கு மேலே உள்ள சர்க்காருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற வழக்கு நகரசபை பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது பாருங்கள்! இன்னும் தீர்ந்தபாடில்லை.

இப்போது எல்லைக்கு வருகிறேன். கோட்டையையும், மதராஸபட்டணத்தையும், கோட்டையிலிருந்து பத்து மைலுக்கு மேற்படாமல் அவற்றைச் சேர்ந்த பிரதேசங்களையும் சாஸனம் கார்ப்பரேஷனாக அமைத்தது. பத்து மைல்! இந்தச் சொல்லில்தான் எனக்கு மனசு நின்றுபோயிற்று. கோட்டையின் கொடிக்கம்பத்தில் காம்பஸின் முள்ளைக் குத்தி, பத்து மைலுக்கு நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றினால் பாதி வட்டம் கடலில் விழுகிறது. மீதிப் பாதியில் கும்பினிக்குச் சொந்தமாக இருந்தது எவ்வளவு? கடலோரமாக ஒரு மணல் துண்டும், கொஞ்ச காலத்துக்கு முன் வாடகைக்கு எடுத்த திருவல்லிக்கேணியும். எழும்பூர் கிடையாது. நுங்கம்பாக்கம் கிடையாது. மூன்று மைல் தெற்கே இருந்த சாந்தோமும் கிடையாது. இடம் கொடுத்தவர்களின் மேலாளராக இருந்தவர் கோல்கொண்டா சுல்தான். சாஸனம் எழுதப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே, 1687 செப்டம்பரில், கோல்கொண்டா ஔரங்கசீப்பின் கையில் விழுந்தாகிவிட்டது. கப்பல் தபால் போய்ச் சேர மாதக்கணக்காகும் அந்த நாளில், லண்டனில் மை காயும்போது இங்கே நிலத்துக்கு எஜமானரே மாறிவிட்டார்.

'சேர்ந்த பிரதேசங்கள்' என்றுதானே எழுதியிருக்கிறது, இல்லாததைக் கேட்கவில்லையே என்று வக்கீல்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் ஒரு மைல்கூட நிச்சயமில்லாதவன் 'பத்து மைலுக்கு மேற்படாமல்' என்று எழுதும்போது, பையனுக்கு எடுக்கிற சட்டையை இரண்டு வருஷத்து வளர்த்திக்கும் சேர்த்துத் தைக்கச் சொல்லும் தகப்பனாரின் நினைவு எனக்கு வருகிறது. சட்டை தொளதொளவென்று தொங்கும். பையன் வளர்ந்துவிடுவான்.

1688 செப்டம்பர் 29ந் தேதி கோட்டையில் பிரமாணம் நடந்தது. நாதானியல் ஹிக்கின்ஸன் முதல் மேயர். அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். இவர் பெயர்தான் பிற்பாடு அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைக்கு வைக்கப்பட்டது. இருவரும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் என்பது ஒரு வேடிக்கை. விருந்து முடிந்ததும் மேயரும் ஆல்டர்மன்களும் அங்கி அணிந்து, முன்னால் வெள்ளித் தண்டங்கள் போக, நகர மண்டபத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். செப்டம்பர் மாதத்துச் சென்னை வெயிலில் கறுஞ்சிவப்புக் கம்பளி அங்கி! குடை பிடித்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருந்தது என்பது ஓர் ஆறுதல். அந்த நாளில் குடை என்பது கண்டவர்கள் பிடிக்கக்கூடியதல்ல. அது ஓர் அந்தஸ்து.

ஆல்டர்மன்களில் கும்பினி உத்தியோகஸ்தர்களான ஆங்கிலேயர்கள் சிலர். வைர வியாபாரம் செய்த யூதர்களும் மற்ற நாட்டு வர்த்தகர்களும் இருந்தார்கள். சின்ன வெங்கடாத்ரி, முத்த வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை என்று நம்மவர் மூன்று பேர். இந்த மூவரும் பெரிய வியாபாரிகள். சின்ன வெங்கடாத்ரி கும்பினியின் தலைமை வர்த்தகராக இருந்த பேரி திம்மண்ணாவின் தம்பி. தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் கோயிலோடு ஆலங்காத்தா பிள்ளையின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். இவர்களைச் சபையில் உட்கார வைத்தால் ஊராரிடம் இவர்களே வரி வாங்கிக் கொடுத்துவிடுவார்கள் என்பது லண்டன் எதிர்பார்ப்பு. நகர மண்டபம், சிறைச்சாலை, நம் குழந்தைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் அந்த வரியில் எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை. சைல்டின் விகிதம் பலிக்கவில்லை. ஆறு பென்ஸுக்கு முறைத்த ஜனங்கள் ஐந்து ஷில்லிங்குக்கும் அதே முகத்தைத்தான் காட்டினார்கள். மேயரின் கோர்ட்டு நடந்தது, வழக்குகள் வந்தன, ஆனால் கஜானா நிரம்பவில்லை. ஒரு விதத்தில் இதில் எனக்குச் சந்தோஷமே. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டை இடிப்பேன் என்று முரசு அறைந்தவன், இன்றைக்கு அங்கியும் குடையும் கொடுத்துவிட்டு, 'இது உன் வரி, நீயே கொடு' என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவர்களைத் தேர்ந்தெடுத்தது ஊரார் அல்ல. சாஸனத்தை எழுதிய அரசாட்சிக்கும் ஆயுள் கெட்டியில்லை. சென்னையில் மேயர் பதவியேற்று மூன்றே மாதத்தில், ஜேம்ஸ் அரசர் சிங்காதனத்தை விட்டு பிரான்ஸுக்கு ஓடிப்போனார். கார்ப்பரேஷன் இருந்தது.

வட்டம் மெதுவாக நிரம்பத் தொடங்கிற்று. 1693ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708ல் நவாபிடமிருந்து ஐந்து கிராமங்கள்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. 1742ல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம். 1749ல் மயிலாப்பூரும் சாந்தோமும். சில நஜருக்கும் நயத்துக்கும் வந்தன. மயிலாப்பூரும் சாந்தோமும் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டன. இவற்றில் எந்த ஊராரும் 'நாங்கள் பட்டணத்தில் சேர்கிறோம்' என்று சொன்னதாகக் கதை இல்லை.

கோடு போடுகிறவர்களின் குணம் எதுவென்று அறிய வேண்டுமானால் பாரி முனைக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்குப் பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் பீரங்கிக்கு மறைவாக இருக்கிறது என்று சொல்லி அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த வெளியில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக 1773ல் ஆறு கல் தூண்கள் நட்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சி, பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. நகரத்தின் எல்லைக் கல் அல்ல அது; நகரத்துக்குள்ளேயே போட்ட கோடு. இன்று அந்தக் கோட்டின் இரு பக்கமும் பஸ் ஓடுகிறது.

நகரம் முழுவதற்கும் எல்லை இன்னதென்று ஊர் பேர் சொல்லி வகுத்தது 1798ல்தான். அந்த வருஷம் மேயர் கோர்ட்டு போய், அதற்குப் பதில் ரிக்கார்டர் கோர்ட்டு வந்தது. ராஜாவின் பேரால் நடக்கிற கோர்ட்டின் அதிகாரம் எந்த வீட்டோடு முடிகிறது, கும்பினியின் ஜில்லா நிர்வாகம் எந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது என்பது கடன் கொடுத்தவனுக்கும் கடன் வாங்கியவனுக்கும் தெரிந்தாக வேண்டும் அல்லவா? பத்து மைல் வட்டம் இங்கே உதவாது. வட்டத்தை நிலத்தில் யாரால் நடந்து காட்ட முடியும்? ஆகவே பிரகடனம் எழுதியவர்கள், கர்ணமும் தலையாரியும் செய்வதையே செய்தார்கள். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

தெற்கே சாந்தோம் ஆறு, அதாவது நம் அடையாறு. அதன் தென்கரையே எல்லை. அந்தக் கரையோடு மேற்கே வந்து, நெட்டேரிக்குப் போகும் ரஸ்தாவில் வடக்கே திரும்ப வேண்டும். அப்புறம் ஏரிக்கரையோடு நடை. நெட்டேரியின் கரை முடிந்தால் நுங்கம்பாக்கம் ஏரியின் கரை. அது முடிகிற இடத்தில் சேத்துப்பட்டு. அங்கே பூந்தமல்லி ஆறு, அதாவது கூவம். அதைத் தாண்டிக் கீழ்ப்பாக்கம், பிறகு பெரம்பூர். பெரம்பூரில் கிழக்கே திரும்பித் தண்டையார்பேட்டை முழுவதையும் உள்ளே அடக்கிக்கொண்டு கடலில் போய் இறங்கினால் எல்லை முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லண்டன் காம்பஸைவிட எவ்வளவு மேல்! பட்டணத்தின் மேற்கு எல்லை மதில் அல்ல, முள்வேலி அல்ல, ஏரிக்கரை. மாலையில் கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தோட்ட பங்களாக்கள், மறுபக்கம் விரிந்த நீர்ப்பரப்பு. நீரைக் கண்டால் பட்டணம் முடிந்தது. மழை வருஷத்தில் எல்லை ததும்பும்; வறட்சியில் வெடிக்கும். எப்படியானாலும் அது அங்கேயே இருக்கும் என்று பிரகடனம் எழுதியவர்கள் நம்பினார்கள்.

இன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கிளம்புகிறவன் என்ன காண்பான்? நெட்டேரி என்பது சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை பிறைபோல் வளைந்து கிடந்த மாம்பலத்து ஏரி. 1920களில், புதிதாக வந்த நகர அமைப்புச் சட்டத்தின் உற்சாகத்தில், அதன் நீரை வடித்து மனை போட ஆரம்பித்தார்கள். உண்டான பேட்டைக்கு, மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரான தியாகராய செட்டியாரின் பெயர். நடுவில் பூங்காவுக்குப் பானகல் ராஜாவின் பெயர். இப்போது அங்கே தீபாவளிக்கு ஜவுளி வாங்கப் போகிறவர்களுக்குக் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. கப்பல் விடுகிற அளவுக்குத் தண்ணீர் நின்ற இடம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நுங்கம்பாக்கம் ஏரிக்கும் அதே கதி. 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி கிடந்த பகுதியில்தான் எழுந்தது. மிஞ்சியது பெயர்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரிதான் இல்லை.

மனை போட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்களுக்கு நியாயம் இருந்தது. ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது. எனக்குத் தோன்றுவது வேறு. கிராமத்தில் ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு. மதகு அடைத்தால் நடவு கெட்டுப்போகிற நூறு பேர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். கலிங்கு உடைந்தால் ஊரே கூடும். அந்த ஊர் நகர எல்லைக்குள் வந்த மாத்திரத்தில் நஞ்சை மனையாகிறது, விலை ஏறுகிறது, மண்வெட்டிக்காரர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்புறம் ஏரிக்குச் சொந்தக்காரர் யார்? ரிக்கார்டில் அது புறம்போக்கு. வரி கொடுக்காத நிலம். நகரசபைக்கு வரி கொடுக்காத நிலம் என்றால் கண்ணுக்குப் படாத நிலம். எல்லை என்று எழுதியிருந்தவரை ஏரிக்கு ஒரு மரியாதை இருந்தது. எல்லை அதைத் தாண்டி மேற்கே போனதும் அந்த மரியாதையும் போயிற்று. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் வெள்ளம் ஏறியபோது, 1798 பிரகடனத்தை நினைத்துக்கொண்டேன். தண்ணீருக்கு நம் கெஜட் தெரியாது. அதற்குத் தன் பழைய விலாசம்தான் தெரியும்.

எல்லை தாண்டிப் போனதற்குச் சட்டத்தில் ஒழுங்கான வழி உண்டு. 1867ல் நகரத்தை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து 32 கமிஷனர்களை நியமித்தார்கள். 1878ல்தான் அவர்களில் பாதிப் பேரை வரி கொடுப்பவர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. சைல்டு சொன்னதற்கும் இதற்கும் இடையே 190 வருஷம். 1919ல் மாநகராட்சிச் சட்டம். வெளியூர்களுக்கு 1920ம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம். ஒரு கிராமத்தை முனிசிபாலிடியாக்கவோ, உள்ளதில் சேர்க்கவோ சர்க்கார் நினைத்தால் முதலில் அந்த எண்ணத்தைக் கெஜட்டில் வெளியிட வேண்டும். இன்னின்ன சர்வே எண்கள், வடக்கே இது, கிழக்கே இது என்று எல்லை சொல்ல வேண்டும். ஊரார் ஆட்சேபம் சொல்லத் தவணை கொடுக்க வேண்டும். அவற்றைப் பரிசீலித்த பிறகுதான் முடிவான அறிவிப்பு. 1687ல் இல்லாத இந்த ஒன்றை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன். ஆட்சேபங்களில் பெரும்பாலானவை வீட்டு வரி ஏறிவிடும் என்பதாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. 1686ல் கடையை அடைத்துச் சொன்னதை இப்போது தபாலில் சொல்லலாம். ஏரியின் சார்பாக ஆட்சேபம் அனுப்பத்தான் ஆள் குறைவு.

1946ல் சைதாப்பேட்டை முனிசிபாலிடியும் சுற்றியிருந்த பல ஊர்களும் பட்டணத்தில் சேர்ந்தன. ஏறத்தாழ 30 சதுர மைலாக இருந்தது 50 சதுர மைலுக்கு வந்தது. 1978ல் மறுபடி ஒரு விஸ்தரிப்பு. 2011ல் வந்ததுதான் மிகப் பெரியது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம் உள்ளிட்ட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகள் ஒரே வீச்சில் கரைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆயிற்று. 155 வார்டுகள் 200 ஆயின.

இந்த 426 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு சபலம் தட்டிற்று. பள்ளிக்கூடத்துக் கணக்கைத் தூசு தட்டி எடுத்தேன். பத்து மைல் ஆரமுள்ள வட்டத்தில் கடலில் விழும் பாதியைத் தள்ளிவிட்டால், நிலத்தில் மிஞ்சுவது சுமார் 157 சதுர மைல். கிலோமீட்டர் கணக்கில் 407. உருவம் வட்டமாக இல்லை. தெற்கே சோழிங்கநல்லூர்ப் பக்கம் பத்து மைலுக்கு வெளியிலும் போயிருக்கிறது. ஆனாலும் அளவில் சட்டை சரியாக, கொஞ்சம் இறுக்கமாகவே, பிடித்துவிட்டது. 324 வருஷம்.

1708ல் நவாப் கொடுத்த ஐந்து கிராமங்களைச் சொன்னேன் அல்லவா? நுங்கம்பாக்கம் 1798லேயே எல்லைக்குள் வந்துவிட்டது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் வெளியிலேயே நின்றன. தனித்தனி நகராட்சிகளாக வளர்ந்தன. 303 வருஷம் கழித்து 2011ல்தான் உள்ளே அழைக்கப்பட்டன. மாநகராட்சியின் 15 மண்டலங்களையும் வார்டுகளையும் வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்ததால், கடைசியில் வந்து சேர்ந்த திருவொற்றியூர் மண்டலத்துக்கு எண் 1 கிடைத்திருக்கிறது. கோட்டை எண் 5ல் இருக்கிறது.